கையா, மேசையா?

தோள்பட்டை இறுகிப்போய்க் கரும்பலகையின் மேல்வரிக்குக் கை எட்டாமலானபோது, ஒரகடம் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு ஆறு வாரம் போய்வந்தேன். மாலையில் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வருவார்கள். மெழுகுத் தொட்டியில் கையை நனைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம். விடுதியில் தங்கி, லைனில் நின்று சின்னத் திருகாணிகளை முடுக்குகிறாள். வலது பெருவிரலின் அடியில் தொடங்கிய வலி மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேங்க்கா. பொம்பளைக் கை, பலம் பத்தலன்னாரு. ஹாஸ்டல்ல ஒழுங்கா சாப்பிடறதில்லையான்னு கேட்டாரு. சரி பண்ணிக்கினு, ஃபிட்டுன்னு எழுதி வாங்கினு வா, அதே எடம் தரேன்னாரு."

அந்த 'அதே எடம்' என் மனத்தில் தங்கிவிட்டது. வலி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பத்தான் கையைச் சரிசெய்கிறோமா? பழுது கையிலா, அது நிற்கும் மேசையிலா?

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே திரும்பினால் செங்கல்பட்டு. அதை ஒட்டிய திருமணியில் பழைய தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1940-களின் பிற்பகுதியில், வேலூர் சிஎம்சியின் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வந்தார். அவரை அழைத்துக் காட்டியவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் குறைந்துபோகும் என்பதே அன்று பலரின் நம்பிக்கை. பிராண்ட் கண்டது வேறு. மடங்கிப்போன கைகளுக்குள் இன்னும் வலிமையான தசைகள் இருந்தன.

வேலூரில் அறுவை சிகிச்சை தொடங்கியது. மோதிர விரலை மடக்கிய தசைநாணைப் பெருவிரலுக்கு மாற்றிக் கட்டினார்கள். ஆனால் கத்தியின் வேலை முடிந்த பிறகுதான் நீண்ட வேலை தொடங்கும். மோதிர விரலை மடக்க நினைத்தால் இப்போது பெருவிரல் அசையும். அந்தப் புதிய பாடத்தைக் கைக்கும் மூளைக்கும் வாரக்கணக்கில் கற்பித்தது உடற்பயிற்சிச் சிகிச்சை. அது பொறுமையான, பெயர் வெளியே தெரியாத உழைப்பு.

கை சரியானவர்களுக்கும் ஊரில் வேலை தர ஆளில்லை. அதனால் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு உருவானது. அங்கே தச்சு வேலை செய்தவர்களின் கைகளில் மறுபடி புண் வந்தது. 'நோயின் குணம் அப்படித்தான்' என்று விட்டிருக்கலாம். விடவில்லை. தினமும் கைகளைப் பார்த்து, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சிலாம்பு எழுந்த சுத்தியல் பிடி, இறுகிய பூட்டில் பலங்கொண்டு திருகிய சாவி என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இரவில் தூங்கும்போது உணர்ச்சியற்ற விரலை எலி கடித்திருந்தது. பூனை வளர்த்தார்கள். காயம் கையின் விதியல்ல என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது.

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பின்பு நியூயார்க்கில் ஹோவார்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. நின்றுகொண்டுதான் கத்தியைப் பிடிக்க வேண்டும் என்ற பழக்கத்தை அங்கே யாரும் விதியாக்கவில்லை. அவருக்காக அறுவை அறை மாறிக்கொண்டது.

தொழிற்சாலை என்ன மருத்துவமனையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பக்கத்தில் இருந்தவளும் வேலையை விடத் தயாராக இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான், அந்தச் சம்பளத்தால்தான் அவள் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகிறது. 'உடம்பு முக்கியம், வீட்டுக்குப் போ' என்று சொல்வது அவளுக்குக் கருணை ஆகாது. மேரி வர்கீஸும் வேலையைத்தான் கேட்டார். ஆகவே வேலையா உடம்பா என்பதல்ல நம்முன் உள்ள கேள்வி. இரண்டும் ஒத்துவராதபோது எது வளைய வேண்டும் என்பதே கேள்வி. மேசை இரும்பால் ஆனது, கை எலும்பால் ஆனது. ஆனாலும் கையைத்தான் வளைக்கிறோம். வளையாவிட்டால் 'பொம்பளைக் கை' என்கிறோம்.

இதில் நான் வெளியே நிற்கவில்லை. என் சமையலறையின் மேல்தட்டு எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தோள் இறுகிய நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு எக்கி எடுத்தேனே தவிர, தட்டைக் கீழே இறக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. தொழுநோய்க் கையால் வலியை உணர முடியாது. அதனால் கண்ணைக் காவல் வைக்கக் கற்பித்தார்கள். நமக்கு வலி தெரிகிறது. தெரிந்ததைச் சொல்லாமலிருக்கக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

"கை சரியானா முதல்ல என்ன செய்வே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்னல் போடணுங்க்கா. ரெண்டு மாசமா ரூம்ல இருக்கற பொண்ணுதான் போட்டு விடுது."

கடைசி நாள் அவள் கம்பெனிப் படிவத்தை நீட்டினாள். பிடிமானம், அசைவு, வலி என்று கையைப் பற்றிய கட்டங்கள் நிறைய இருந்தன. மேசையின் உயரத்துக்கு, கருவியின் பிடிக்கு, லைனின் வேகத்துக்கு ஒரு கட்டமும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, ஓரத்தில் இடம் பார்த்துக் கையால் எழுதினார்: மேசை உயரத்தையும் கருவியையும் மாற்றவும்; மணிக்கு ஒருமுறை ஓய்வு தரவும்.

அதை அங்கே யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் படித்தாள். இரண்டு முறை படித்துவிட்டு, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.