ஈசாய் வீட்டில் விடுபட்ட பெயர்



இன்று திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா வெட்டுண்ட ஓர் அடிமரத்தைக் காட்டி, அது ஈசாயின் குடும்பம் என்கிறார். அதிலிருந்து ஒரு தளிர் வரும் என்றும் சொல்கிறார். வெட்டிய வேம்பு மழை பெய்ததும் துளிர்ப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அதனால் நமக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாது. எசாயாவின் பேச்சைக் கேட்ட மக்களுக்கோ அந்த அடிமரம் நம் சாத்தனூர் கல்மரம் போலத்தான் தெரிந்திருக்கும். பெரம்பலூர்ப் பக்கம் படித்தவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டு மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 கோடி ஆண்டு வயது. நம் மாவட்டங்கள் கடலோரமாக இருந்த காலத்து மரம், மண்ணுக்குள் புதைந்து கல்லாகிவிட்டது. பார்வைக்கு மரம், தட்டிப் பார்த்தால் கல். கம்பி வேலிக்குள் கிடக்கும் அதன் பக்கத்தில் நின்று, நாளைக்கு இதில் தளிர் விடும் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வோம்? சிரித்துவிட்டு வேனில் ஏறிவிடுவோம்.

நற்செய்தியில் திருமுழுக்கு யோவானும் கற்களைத்தான் சுட்டுகிறார். ஆபிரகாம் எங்கள் தந்தை என்று பெருமை பேச வேண்டாம், இந்தக் கற்களிலிருந்தே கடவுளால் பிள்ளைகளை எழுப்ப முடியும் என்கிறார். பூமியைத் தோண்டினால் கிளிஞ்சல் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் வருகிற அரியலூர்க்காரர்களுக்கு இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

சரி, இந்த ஈசாய் யார்? பெத்லகேம் ஊர்க்காரர், ஆடு வைத்துப் பிழைத்தவர். அவருடைய பாட்டி ரூத்து மோவாபு நாட்டுப் பெண். பிழைக்க வந்த இடத்தில், அறுவடை நடந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவள். அப்படிப்பட்ட சாதாரண வீட்டுக்கு ஒரு நாள் இறைவாக்கினர் சாமுவேல் வருகிறார். ஈசாயின் பிள்ளைகளில் ஒருவனைக் கடவுள் அரசனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஈசாய் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறார். மூத்தவன் நல்ல உயரம், பார்த்ததுமே சாமுவேலுக்குப் பிடித்துப்போகிறது. அவன் இல்லை என்கிறார் கடவுள். இரண்டாமவனும் இல்லை, மூன்றாமவனும் இல்லை. இப்படியே ஏழு பேர் வந்து போகிறார்கள். உனக்கு இவ்வளவுதான் பிள்ளைகளா என்று சாமுவேல் கேட்ட பிறகுதான், கடைக்குட்டி ஒருவன் உண்டு, ஆடு மேய்க்கப் போயிருக்கிறான் என்று அப்பாவின் வாயிலிருந்து வருகிறது.

இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்தக் கடைக்குட்டி தாவீதின் பெயரை விட்டுவிட்டது எதிரி இல்லை, அரசன் இல்லை, பெற்ற அப்பா. தன் வீட்டுத் தேர்வுப் பட்டியலில் தன் மகனையே அவர் சேர்க்கவில்லை. கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். இவன் எதற்குத் தேறப்போகிறான் என்கிற நினைப்புதான். அந்த நினைப்பு நம் வீடுகள் பலவற்றிலும் உண்டு.

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அரியலூர் ஹாக்கி வீரர் கார்த்தியைச் சொல்கிறேன். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது இங்கே பேச்சில்லை. ரூத்தையே தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டவர் நம் கடவுள். கார்த்தியின் அப்பா காவலாளி வேலை பார்த்தவர். சிமென்ட் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்! விடிய விடியக் கண் விழித்து வாங்குகிற சம்பளம் எந்த அளவுக்கு நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்து வீட்டுப் பையன் ஹாக்கி மட்டையைப் பிடித்தான். கோவில்பட்டிக்குப் போய், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தான். ஈசாய் செய்யாததை இந்தக் காவலாளி செய்தார். தன் பிள்ளையைத் தானே பட்டியலில் சேர்த்தார். இன்று வெளிநாட்டு வர்ணனையாளர்கள் கார்த்தியைச் செல்வம் கார்த்தி என்று சொல்லும்போது அப்பாவின் பெயரும் சேர்ந்தே ஒலிக்கிறது.

2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்காகக் கார்த்தி ஆடிய முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்டார். இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, 59வது நிமிடத்தில், பாகிஸ்தான் பதில் கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று, சமன். அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது. அடுத்த ஆண்டு சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. 2023 ஆகஸ்ட் 6 அன்று மலேசியாவை 5–0 என வென்ற ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தியுடையது. ஆகஸ்ட் 12 இறுதியாட்டத்தில் அதே மலேசியாவிடம் இந்தியா 1–3 என்று பின்தங்கி, பிறகு 4–3 என்று வென்றது. நம் பிள்ளை தங்கப் பதக்கத்தோடு ஊருக்கு வந்தார்.

அடுத்து ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு அணி அறிவித்தார்கள். அதில் கார்த்தியின் பெயர் இல்லை. இந்தியா அங்கே தங்கம் வென்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் அவர் இல்லை, மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. இந்தியா அங்கே வெண்கலம் வென்றது. 2025 ராஜ்கிர் ஆசியக் கோப்பைக்கு அவரை மாற்று ஆட்டக்காரராகப் போட்டார்கள். ஹாக்கி ஆடிய தம்பிமார்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். முன்கள ஆட்டக்காரர்கள் சில நிமிடம் ஓடிவிட்டு வந்து பெஞ்சில் மூச்சு வாங்குவார்கள், மறுபடி உள்ளே போவார்கள். அதனால் பெஞ்சில் இருப்பவரும் ஆடுகிறவர்தான். பட்டியலுக்கு வெளியே மாற்றாக நிற்பவருக்கு அந்தப் பெஞ்சும் கிடையாது. உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்கு அடிபட்டால்தான் அவருக்கு இடம். அடிபட வேண்டும் என்று ஜெபிக்கவும் முடியாது, தன்னை அழைக்க மாட்டார்கள் என்று பயிற்சியை விடவும் முடியாது.

தாவீதுக்கும் இதுதான் நடந்தது. எண்ணெய் பூசித் திருப்பொழிவு செய்தார்கள், ஆண்டவரின் ஆவி அவன்மேல் இறங்கியது. அடுத்து என்ன ஆனது? அரசன் சவுல் ஆளனுப்பித் தேடும்போது அவன் மறுபடியும் ஆட்டு மந்தையோடுதான் இருக்கிறான். அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அடுத்த நாள் காலையில் புழுக்கை அள்ளுகிறான். அந்த நாள்களைப் பற்றித் திருவிவிலியம் எழுதியவர்கள் ஒரு வரிக்கு மேல் செலவழிக்கவில்லை. தாவீது அதைத்தான் வாழ்ந்தாக வேண்டியிருந்தது. இரண்டாம் வாசகத்தில் பவுல் மன உறுதியையும் நம்பிக்கையையும் சேர்த்துப் பேசுகிறாரே, அது இப்படிப்பட்ட நாள்களுக்காக எழுதியது என்றே நான் படிக்கிறேன்.

கூடைப்பந்து பார்க்கிற பிள்ளைகள் இந்நேரம் ஒரு பெயரை நினைத்திருப்பார்கள். செர்பியாவின் சோம்போர் ஊர்க்காரர் நிகோலா ஜோகிச். 2014-ல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்த அன்று அவருடைய பெயர் 41வதாக வந்தது. அந்த நேரம் தொலைக்காட்சியில் ஏதோ உணவக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் திரையின் அடியில் எழுத்தாக நகர்ந்து போனது. அவர் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் அதே ஜோகிச் 2021, 2022, 2024 என மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2023-ல் டென்வர் அணிக்கு அதன் முதல் கோப்பையை வாங்கித் தந்தார். நல்ல கதைதான். ஆனால் பிரசங்க மேடையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. காத்திருந்தால் ஜோகிச் ஆகிவிடலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவரோடு தேர்வான மற்ற பேரையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஜெயித்த பிறகுதான் காத்திருப்புக்கு மதிப்பு என்றால், ஜெயிக்காத பிள்ளையிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

அதனால்தான் எனக்குக் கார்த்தியின் கதை நெருக்கமாக இருக்கிறது. அது இன்னும் முடியவில்லை. ராஜ்கிருக்குப் பிறகு, 2025 நவம்பரில் மலேசியாவின் ஈப்போவில் நடந்த அஸ்லான் ஷா கோப்பைக்கு அவரை மறுபடி அழைத்தார்கள். நியூசிலாந்தை 3–2 என வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, விழித்திருங்கள் என்ற நற்செய்தியை நாம் இங்கே கேட்ட அதே நாளில், இறுதியாட்டத்தில் இந்தியா பெல்ஜியத்திடம் ஒரு கோலில் தோற்றது. அடுத்த பட்டியலில் அவர் பெயர் வரலாம், வராமலும் போகலாம். இரண்டில் எது நடந்தாலும் அவர் அரியலூர்ப் பிள்ளைதான்.

அன்பார்ந்தவர்களே, நான் ஹாக்கியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் மாவட்டத்துக்குப் பட்டியலில் பெயர் வராததன் வலி தெரியும். குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த பிள்ளை. கூலி வேலை பார்த்த அப்பாவின் மகள். மருத்துவ இடத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றாள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். நீட் தேர்வு முறை சரியா தவறா என்பதை இந்த மேடையில் நான் பேச வரவில்லை, அதற்கு வேறு மேடைகள் உண்டு. நம் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் நீட், பிறகு ஒவ்வொன்றாக முடிவுகள் வரும். இப்போதே ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னைக்கு நேர்ந்துகொண்டிருப்பீர்கள். நேர்ந்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் முடிவு வருகிற அன்று நம் தெருவில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து எவ்வளவு என்று கேட்பார். சித்தப்பா போன் போட்டு, அவர் மகன் எடுத்ததை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கேட்பார். அப்பா பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பா அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பேசாமைதான் தாங்கவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இது ஈசாய் செய்ததற்குக் குறைந்ததில்லை.

அந்தக் கதையில் சாமுவேல் செய்த ஒரு காரியத்தை இன்று வீட்டுக்கு எடுத்துப் போங்கள். கடைக்குட்டி மேய்ச்சல் காட்டில் இருக்கிறான் என்று தெரிந்ததும் அவர் ஈசாய்க்கு அறிவுரை சொல்லவில்லை. ஆளனுப்பு, அவன் வராமல் நாம் பந்தியில் உட்காரப் போவதில்லை என்றார். பலி கொடுத்தாகிவிட்டது, ஊர்ப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள், ஏழு அண்ணன்மாருக்கும் பசி. யாரும் கணக்கில் எடுக்காத ஒரு பையனுக்காக விருந்து முழுவதும் நின்றது. அவன் வந்து நிற்கிற வரைக்கும் அவன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று சாமுவேலுக்கே தெரியாது.

பெற்றோரே, முடிவு வருகிற அன்று போனை அணைத்து வையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனசு சரியில்லை என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று தள்ளாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், அதை இன்றே எழுதி வையுங்கள். பங்கு இல்லத்தின் கதவையும் எந்த ராத்திரியிலும் தட்டலாம். பெயர் வந்தாலும் வராவிட்டாலும் அன்று வீட்டில் நல்ல சாப்பாடு செய்யுங்கள். அந்தப் பிள்ளை வந்து பக்கத்தில் உட்காரும்வரை யாருக்கும் இலை போடாதீர்கள்.