இலையுதிர் காலத்தில் பதிவான கோடை

சந்தோஷமான பாட்டைப் பாடுகிறவர் சந்தோஷமாக இருந்தாக வேண்டுமா? டீனேஜ் ஃபேன்கிளப் குழுவின் ‘கிராண்ட் பிரீ’ தொகுப்பைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழுகிறது. 1995 மே மாதக் கடைசியில், பிரிட்டனில் கோடை தொடங்கும் நேரத்தில் வந்த தொகுப்பு அது. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டிக் கேட்கவென்றே செய்தது போல 13 பாட்டுகள். ஆனால் அவை பதிவானது முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு அருகே ‘தி மேனர்’ என்ற பழைய மாளிகை ஸ்டுடியோவில். குழுவினர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துக்காரர்கள். மழைக்குப் பேர்போன ஊர்; டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான்.

வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த எனக்கு வெயிலைக் கொண்டாடும் இசை முதலில் அந்நியமாகத்தான் இருந்தது. வேனிலையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுத்து, அந்தத் திணைக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்தவர்கள் நம் முன்னோர். கேட்கக் கேட்கத் தெரிந்தது, கிளாஸ்கோக்காரர்களும் பிரிவைத்தான் பாடுகிறார்கள். ‘ஸ்பார்க்கீஸ் டிரீம்’ துள்ளி ஓடுகிறது. உள்ளே இருப்பது கைக்கு எட்டாமல் போன ஒருத்திக்கான ஏக்கம். ‘மெல்லோ டவுட்’ காதலில் வரும் சந்தேகத்தைப் பேசுகிறது; நடுவில் ஒருவர் சாவகாசமாகச் சீட்டியடிக்கிறார். இன்னொரு பாட்டின் பெயரே கண்ணீர்.

குழுவுக்கும் அது நல்ல காலமாக இருக்கவில்லை. 1991-இல் வந்த ‘பேண்ட்வேகனெஸ்க்’கை, நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’ வந்த அதே ஆண்டில், ஸ்பின் பத்திரிகை ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்து 1993-இல் வந்த ‘தர்ட்டீன்’ விமர்சகர்களிடம் அடிவாங்கியது. அந்த அடிக்குப் பிறகு உட்கார்ந்து செய்ததுதான் இவ்வளவு வெளிச்சமான இசை.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்த வகை இசைக்குப் பவர் பாப் என்று பெயர்; அந்தப் பெயரை 1967-இல் முதலில் சொன்னவர் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். ஒரு கிடார் கரகரத்துத் தடிமனாக ஒலிக்க, இன்னொன்று மணிபோலத் தெளிவாக ஒலிக்கும். பாட்டு நான்கு நிமிடம் தாண்டுவது அரிது. ஆனால் இந்தத் தொகுப்பை உயிரோடு வைத்திருப்பது கிடார் இல்லை, குரல்கள் என்பேன். நார்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மெக்கின்லி என்று பாட்டு எழுதுகிறவர்கள் மூன்று பேர். பிளேக்குக்கு ஐந்து பாட்டு, மற்ற இருவருக்கும் நான்கு நான்கு. அவரவர் எழுதியதை அவரவரே பாடுகிறார்கள்; பல்லவி வந்ததும் நண்பர்களின் குரல் மேலே ஏறிச் சேர்ந்துகொள்கிறது. வரியில் சோகம் அப்படியே இருக்கிறது, அதைச் சுமக்க ஆள் கூடிவிடுகிறார்கள்.

அம்மா இறந்தபின் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்களின் சொற்கள் எதுவும் எனக்கு நினைவில்லை. அம்மாவின் பிடிவாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, சொல்லும்போதே அழுது, அழுகையோடு சிரிக்கவும் செய்த சித்தி நினைவிருக்கிறார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. துக்கத்தை அது குறைக்கவும் இல்லை. சித்தியோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

அதனால், இந்த மாதிரி இசையை ‘லேசான சங்கதி’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோகத்தைச் சோகமாகவே பாடினால் அதை ஆழம் என்கிறோம். அதையே மேஜர் ஸ்கேலில் ஏற்றி, மூன்று பேர் சேர்ந்து பாடினால் மேலோட்டம் என்கிறோம். இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை. அடிவாங்கிய ஒரு குழு, வெயில் குறைந்துகொண்டே போகிற மாதங்களில், யாரோ அடுத்த கோடையில் கேட்கப் போகிறார்கள் என்று நம்பி, நண்பனின் ஏக்கத்துக்கு எந்த இடத்தில் துணைக்குரல் கொடுப்பது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறது. கவலையே அறியாதவர்கள் அதற்கு அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.