பாட்டியின் வேண்டுதல் என் கடனா?

2011 தைப்பூசம். எனக்கு ஏழு வயது. கிள்ளானில் விடியற்காலை இரண்டு மணிக்குப் பாட்டி என்னை எழுப்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். தெங்கு கிளானா சாலையில் வாங்கிய மஞ்சள் வேட்டி இடுப்பில் நிற்கவே இல்லை. அப்பா மேலே பெல்ட் போட்டுவிட்டார். முந்தைய ஆண்டுதான் கொமுட்டர் ரயில் பத்துமலை வரை வந்திருந்தது. பெட்டி முழுக்க மஞ்சள் உடை, விபூதி வாசம், “வேல் வேல்” சத்தம்.

272 படிகளில் பாதிகூட ஏறவில்லை. “பாட்டி, கழுத்து வலிக்குது” என்றேன். “இன்னும் கொஞ்சம்தான் ராசா” என்று பால்குடத்தைப் பின்னாலிருந்து ஒரு கையால் தாங்கிக்கொண்டார். முழங்கால் வலியோடு அவர் ஏறியது எனக்கு அப்போது தெரியவில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடுமையான மூச்சுத்திணறல். பிள்ளை பிழைத்தால் ஏழு வயதில் பால்குடம், இருபத்தொரு வயதில் காவடி என்று பாட்டி வேண்டிக்கொண்டாராம். இன்று பாட்டி இல்லை. எனக்கு இருபத்தொன்று ஆகிவிட்டது. போன மாதம் அம்மா மெதுவாகக் கேட்டார்: “காவடி எடுக்கிறியா தம்பி?”

அறை நண்பனிடம் சொன்னேன். “நீ கையெழுத்தே போடாத கடன்டா அது! முருகன் என்ன ஆலோங்கா, வாசல்ல வந்து சிவப்புச் சாயம் ஊத்த?” என்று சிரித்தான்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சம்மதம் இல்லாத ஒப்பந்தம் யாரையும் கட்டாது. பாட்டி சொன்ன சொல்லுக்காகப் பேரனைத் தண்டிப்பவர் நான் கும்பிடும் முருகன் அல்ல. ஆகவே, பயத்தால் காவடி எடுக்க எனக்குக் காரணமே இல்லை.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் என்னைக் கேட்கவில்லை. என் மொழியையும் பெயரையும்கூட என்னைக் கேட்டுத் தரவில்லை. நான் கேட்காமல் வந்தது என்பதற்காக அவற்றை நான் தூக்கி எறிவதில்லையே!

அப்படியானால் பெரியவர்கள் தந்த எல்லாவற்றையும் சுமக்க வேண்டுமா? கூடாது. சாதியும்தான் கேட்காமல் வந்தது. அது இன்னொருவரைத் தாழ்த்துகிறது. அதை இறக்கி வைப்பதே தர்மம். பாட்டியின் வேண்டுதல் யாரையும் தாழ்த்தவில்லை. மருத்துவமனை நாற்காலியில் தூங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, தன்னிடம் வேறு எதுவும் இல்லாமல், ஒரு சொல்லை மட்டும் கொடுத்தார். அந்தச் சொல் என்னைக் கட்டாது. ஆனால் அந்த அன்பை நான் வாங்கிக்கொண்டேன்.

வரும் தைப்பூசத்தில் பால்காவடி எடுக்கிறேன். இது கடன் அடைப்பு அல்ல, நன்றி. “பாட்டிக்காகவா?” என்று அம்மா கேட்டார். “இல்லம்மா, இப்ப இது என் வேண்டுதல்” என்றேன். அம்மா அழுதுவிட்டார்.

நாளை எனக்கொரு பிள்ளை பிறந்து, அதற்காக நான் வேண்டிக்கொண்டால், அந்தக் காவடியை என் தோளில்தான் வைப்பேன். இதில் மட்டும் பாட்டியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு வேண்டுதல் இருக்கலாம். பயந்து சுமக்காதீர்கள். கேலி பேசித் தள்ளவும் வேண்டாம். அன்றைக்கு யார், எந்த நிலையில் அதைச் சொன்னார்கள் என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.