திரும்பி வருவதும் வீரமே

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சென்றால் இரத்மலானை விமான நிலையம் வரும். 1935 நவம்பர் 27 இல் அங்கு முதன்முதலாகத் தரையிறங்கியது, சென்னையிலிருந்த பறத்தல் கழகமொன்றின் பயிற்றுநர் ஓட்டிவந்த சிறு விமானமே. விமானம் ஓட்டப் பயில்வோர் இன்றும் அங்கு செல்கின்றனர்.

கொழும்பு வானம் ஒரே நிலையில் நிற்பதன்று. ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் காலையில் தெளிந்திருக்கும் வானில் பிற்பகல் இடிமுகில் திரளும். ஆசான் அருகிலிருக்கும்வரை முடிவு அவருடையது. தனியே பறக்கும் நாளில் முகில் எதிர்ப்பட்டால் முன்னேறுவதா, திரும்புவதா? திரும்பினால் கோழை என்பார்களோ என்று மனம் தடுமாறும்.

முகிலுக்குள் புகுந்தால் அடிவானம் மறைந்துவிடும். காதினுள் உள்ள சமநிலைப் புலனும் ஏமாற்றும். விமானம் சரிந்து வளைந்து செல்லும்போதும் நேரே செல்வதாகவே தோன்றும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழகாதவருக்கு இது உயிராபத்து. "எனக்குத் தெரியும்" என்னும் அகந்தையே அங்கு பெரும்பகை.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தம் வலிமையின் எல்லையை அறிந்து, காலமும் இடமும் பொருந்தாதபோது திரும்புபவர் அஞ்சியவர் அல்லர். பிறர் பழிப்பார்களே என்று முகிலுக்குள் நுழைபவரே உண்மையில் அஞ்சியவர்.

சினத்தோடு வாய் திறக்கும்போதும், ஊர் மெச்ச வரவுக்கு மிஞ்சிக் கடன்படும்போதும் இதே முகில்தான் மனிதர்முன் நிற்கிறது. உரிய வேளையில் திரும்பத் தெரிந்தவரே மறுநாளும் பறப்பார்.