வெயில் ஒழுகும் வீடு

‘மின்சிக்கனம் தேவை இக்கணம்.’ இந்த வாசகத்தைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. மின்வாரிய அலுவலகச் சுவர், பள்ளிக்கூட ஊர்வலம், பேச்சுப்போட்டி என்று எங்கும் அது உண்டு. எதுகையெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எனக்குள்ள சந்தேகம் வேறு. இதை யாரைப் பார்த்துச் சொல்கிறோம்?

நான் இருப்பது வடசென்னையில், முப்பது வருடத்துக்கு மேல் பழைய ஒரு குடியிருப்பில். தரைத்தளமும் மூன்று மாடிகளும். தளத்துக்கு நான்கு என்று மொத்தம் 16 வீடுகள். லிஃப்ட் கிடையாது. குறைந்த வாடகை என்பதால்தான் எங்களில் பாதிப் பேர் இங்கே இருக்கிறோம். எனக்கு இரண்டாவது மாடி. எனக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில், ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு அக்கா வாடகைக்கு இருக்கிறார். அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு ஃபேன், இரண்டு டியூப்லைட், ஒரு டிவி. மிஷின் காலால் மிதிப்பது. அவருடைய கரண்ட் பில் பெரும்பாலும் பூஜ்யம்தான். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அவர் அந்தக் கோட்டைத் தாண்டுவதே அபூர்வம்.

அவரிடம் போய் மின்சிக்கனம் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடிவிடும், அதே நேரத்துக்கு 22 யூனிட்கூட ஆகாது. 32 யூனிட் மிச்சம். பிரமாதம். ஆனால் மிச்சம் யாருக்கு? அக்காவின் பில் முன்னாலும் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம். சில ஆயிரம் ரூபாய் போட்டு அவர் ஃபேன் வாங்கினால், அந்த 32 யூனிட்டுக்கு மானியம் கொடுக்கும் அரசுக்குத்தான் லாபம். ஏழை வீட்டில் சிக்கனத்தைப் போதிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் விஷயம் ஃபேனும் இல்லை. ஏப்ரல் கடைசியில் மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் ஃபேனைப் போட்டால் அது அனலைத்தான் கீழே தள்ளுகிறது. “காத்தா வருது? அடுப்பு ஊதுற மாதிரி வருது” என்பார் அக்கா. இதில் மர்மம் எதுவுமில்லை. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குமேல் மெல்ல வீட்டுக்குள் விடுகிறது. அதனால்தான் மேல்மாடிக்காரர்களுக்கு ராத்திரி பத்து மணி என்பது மதியத்தின் தொடர்ச்சி. மொட்டைமாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதும், ஈரத்துணியைத் தரையில் விரித்துப் படுப்பதும் இந்த ஊரில் பலரும் பார்த்ததுதானே.

இந்த விஷயத்தில் எனக்கு மனசு குறுகுறுக்கிற இடம் இதுதான். என் வீடு ஏன் சகிக்கும்படி இருக்கிறது? எனக்கு மேலே அக்காவின் வீடு இருப்பதால். என் கூரைமேல் வெயில் படுவதே இல்லை. அவர் வீடு முழுவதும், அதற்குள் இருக்கும் காற்று, பீரோ, கட்டில், அக்கா உட்பட, எனக்கு ஒரு வெப்பத்தடுப்பு. இந்த வேலைக்குத் தெர்மாகோல் மாதிரி ஏதாவது வாங்கிப் பதிக்க வேண்டுமென்றால் காசு கொடுத்திருப்பேன். அவருக்கு நான் எதுவும் கொடுப்பதில்லை. பார்த்தால் “என்னக்கா, ரொம்ப வெக்கையா?” என்று கேட்பதோடு சரி.

எங்கள் சங்கத்தில் மொட்டைமாடி பற்றி நடந்த விவாதத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் மழைக்கு மேல்தளம் ஒழுகியது. தட்டோடு பெயர்ந்து, அடியில் இருந்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் ஊறிப்போய்விட்டன. ஒரே கூட்டத்தில் முடிவாகி, 16 வீட்டுக்காரர்களும் பணம் போட்டார்கள். தரைத்தளத்துக்காரர்கூட முணுமுணுக்கவில்லை. கம்பி துருப்பிடித்தால் கட்டடத்துக்கே ஆபத்து, விற்கப் போனால் விலை போகாது என்று எல்லோருக்கும் தெரியும். கொத்தனார் வந்து ஒட்டியது கறுப்பு நிறத் தார் ஷீட். ஒழுகல் நின்றது. மாடி முழுக்கக் கறுப்பானது. வெயிலில் மொட்டைமாடிக்குச் செருப்பில்லாமல் போக முடியாது என்ற நிலை வந்தது. மழையை எல்லோரும் சேர்ந்து நிறுத்தினோம். அந்த வேலையின் மிச்சச் சூடு நான்கு வீடுகளுக்குப் போனது.

பிறகு, அந்தத் தார்மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா என்று பேச்சு வந்தது. அதற்குச் செயலாளர் சொன்ன பதில்: “அது மேல்வீட்டுக்காரங்க பர்சனல் விஷயம் சார்.” மழை ஒழுகினால் பொதுப் பிரச்சினை, வெயில் ஒழுகினால் சொந்தப் பிரச்சினை! பத்திரப்படி மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வடாம் காயப்போட, டிஷ் ஆன்டெனா மாட்ட, தீபாவளிக்கு வெடி வெடிக்க எல்லோருக்கும் அதில் பாத்தியதை உண்டு. அது வாங்கும் வெயிலில் மட்டும் யாருக்கும் பங்கில்லை.

அந்தக் கூட்டத்தில் வந்த எதிர்வாதங்களில் ஒன்று உண்மையிலேயே யோசிக்க வைத்தது. “மேல்மாடின்னு தெரிஞ்சுதானே வந்தாங்க? வாடகையும் கம்மிதானே?” சந்தையில் குறையுள்ள பொருளுக்கு விலை குறைவு, அதை வாங்கியவர் குறையையும் சேர்த்து வாங்குகிறார் என்பது நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் வேறு இடம் கிடைக்காததால் ஒருவர் எடுத்துக்கொண்ட வீட்டை ‘தேர்வு’ என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. அப்படியே ஒத்துக்கொண்டாலும், அக்கா ஒப்புக்கொண்டது தட்டோடு போட்ட கூரைக்கு. தாரை ஒட்டியது நாங்கள். அந்தக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பே கிடையாது. சங்கத்தில் உரிமையாளர்களுக்குத்தான் ஓட்டு.

உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். போனில் கேட்டபோது ரொம்பத் தன்மையாகவே பேசினார். “தாராளமா பண்ணிக்கலாம் தம்பி. ஆனா செலவு ஆச்சுன்னா வாடகையில ஆயிரம் ரூபா ஏத்தித்தான் ஆகணும்.” பழைய மலிவு வீடுகளைச் சீர்செய்யும் முயற்சி பல ஊர்களில் முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். கூரையைப் பற்றி முடிவெடுப்பவருக்குச் சூடு தெரியாது. சூடு தெரிந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. வீடு நன்றாக ஆனதும் அதில் இருந்தவராலேயே அங்கே இருக்க முடியாமல் போகும்.

ஜெர்மனியில் இது சட்டப்புத்தகத்துக்குள்ளேயே நடந்த சண்டை. அங்கே பிரச்சினை குளிர், ஆனால் கேள்வி ஒன்றுதான். வீட்டு உரிமையாளர் நவீனமாக்கும் வேலைகளுக்குச் செய்த செலவில் வருடத்துக்கு 11 சதவீதத்தை வாடகையில் ஏற்றலாம் என்று இருந்தது. சுவருக்கு வெப்பத்தடுப்பு போட்டதால் மிச்சமான எரிவாயுச் செலவைவிட, ஏறிய வாடகை அதிகம் என்று பழைய குடித்தனக்காரர்கள் புலம்பினார்கள். 2019-இல் அதை 8 சதவீதமாகக் குறைத்து, உச்சவரம்பும் வைத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது 2023-இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம். வீட்டைச் சூடாக்கும் எரிபொருள்மீது விழும் கார்பன் கட்டணத்தை உரிமையாளரும் குடியிருப்பவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கட்டடம் எவ்வளவு மோசமோ உரிமையாளரின் பங்கு அவ்வளவு அதிகம். மிக மோசமான கட்டடத்தில் 95 சதவீதம் அவர் தலையில். வீணாவதற்குக் காரணம் ஸ்விட்சைப் போடும் கையா, கட்டடமா என்ற கேள்விக்குச் சட்டமே ஒரு பதில் சொல்கிறது.

நம்மிடம் இருப்பது என்ன? 2018-இல் மத்திய அரசு வீடுகளுக்கான ‘இகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்றுகூட அதில் அளவு உண்டு. ஆனால் அது இனிமேல் கட்டப்போகும் வீடுகளை மனதில் வைத்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது நல்ல விஷயம். அதிலும் பெரிய மனைகளில் உள்ள வீடுகளுக்குத்தான் கட்டாயம், சிறிய வீடுகளுக்கு விருப்பம்போல. விருப்பம் என்ற சொல்லை நம் அரசாங்கங்கள் ஏழைகள் விஷயத்தில் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. 2020-இல் கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் வெளிச்சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தன, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். சாலையில் போகிறவர் கண்ணுக்குப் படுவது சுவர். கூரையை அண்ணாந்து பார்க்க யாராலும் முடியாது.

வெள்ளைப் பூச்சு ஒன்றும் மந்திரமில்லை. அறையின் வெப்பம் இரண்டிலிருந்து ஐந்து டிகிரிவரை குறையலாம், அவ்வளவுதான். சென்னைத் தூசியில் ஒரு வருடத்திலேயே பழுப்பேறிவிடும். சுண்ணாம்பு என்றால் ஒவ்வொரு கோடைக்கும் அடிக்க வேண்டும். உடைந்த வெள்ளை டைல்ஸ் பதித்தால் நீண்ட நாள் நிற்கும், செலவும் கூடும். எப்படிச் செய்தாலும் 16 பங்காகப் பிரித்தால் ஆளுக்கு வருவது ஒரு குடும்பம் ஹோட்டலில் நான்கைந்து முறை சாப்பிடும் காசு.

இதற்கெல்லாம் மேலே படித்தவர்கள் சொல்லும் தடை ஒன்று உண்டு. 1865-இல் ஜெவான்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதாரவாதி நிலக்கரியைப் பற்றி எழுதியது: நீராவி எந்திரம் குறைந்த கரியில் ஓட ஆரம்பித்தால் கரிச்செலவு குறையாது, எந்திரங்கள் பெருகிச் செலவு கூடும். அதேபோல, அக்காவின் வீட்டைக் குளிர வைத்தால் மின்சாரம் மிச்சமாகாது, அந்த மிச்சத்தில் அவர் வேறு எதையாவது வாங்கி ஓட்டுவார். அப்படியென்றால் திட்டம் தோல்விதானே?

இங்கேதான் நான் முரண்படுகிறேன். 18 டிகிரியில் ஏசியை வைத்துப் போர்வை போர்த்திப் படுக்கிறவர் 24-க்கு மாற்றினால் மிச்சமாவது மின்சாரம். அக்காவின் வீட்டில் இன்று ‘மிச்சமாகிற’ மின்சாரம் அவர் அனுபவிக்காமல் விட்ட தூக்கம், குடிக்காத குளிர்ந்த தண்ணீர், தைக்காமல் போன ஜாக்கெட். இரண்டையும் ஒரே யூனிட்டில் அளக்க முடிகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஏற்கெனவே பட்டினி கிடக்கிறவரின் சாப்பாட்டுச் செலவைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு சிக்கனம் என்று மெச்சுவது போன்றது அது. அவருடைய கூரையைச் சரிசெய்தபின் அவர் மீட்டர் வேகமாக ஓடினால், அந்தக் கூடுதல் யூனிட்டை வெற்றிக் கணக்கில்தான் எழுதுவேன். பூமி சூடாவதற்கு அந்த யூனிட்டுக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. குறைக்க வேண்டியதை எங்கிருந்து குறைக்க ஆரம்பிப்பது என்ற வரிசையில் அந்த வீடு கடைசியில் நிற்கட்டும் என்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். கீழே மூன்று தளத்துக்காரர்களும் மேல்வீடுகளின் நிழலில் வாழ்கிறோம், அதனால் பூச்சுச் செலவில் பெரும்பங்கு நம்முடையது, அதைச் சாக்கு வைத்து வாடகை ஏற்றக்கூடாது என்பது என் தரப்பு. தரைத்தளத்துக்காரர் என்ன சொல்வார் என்று இப்போதே காதில் விழுகிறது. பரவாயில்லை, பேசிப் பார்க்கலாம்.

அக்காவிடம், வீடு குளிர்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தூங்குவேன் என்பார் என்று நினைத்தேன்.

“மத்தியானம் பன்னெண்டுலருந்து நாலு வரைக்கும் மிஷின்ல உக்கார முடியலப்பா இப்ப. வேர்வை சொட்டி துணியில கறை ஆயிடுது. அந்த நாலு மணி நேரம் கெடச்சா ஒரு மோட்டார் மாட்டிக்குவேன்.”

“நூறு யூனிட்டைத் தாண்டிடுமேக்கா, பில் வரும்.”

“வரட்டும். கட்டிக்கிறேன்.”