மூன்று பட்டையின் பொறுப்பு

தரைப்படையில் கையில் மூன்று பட்டை அணிந்த ஹவில்தார், தோளில் நட்சத்திரம் ஏறி நாயிப் சுபேதாராக வேண்டுமானால் பணிமூப்பு, ஆண்டறிக்கை, தேர்வு, காலியிடம் எல்லாம் கூடிவர வேண்டும். காலியிடம் இல்லையென்றால் உழைத்து என்ன பயன் என்று கேட்பதில் நியாயம் உண்டு. நல்ல ஹவில்தார்கள் பலர் அதே பட்டையோடு ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் ஜவான்களின் மரியாதை காலியிடத்துக்குக் காத்திருப்பதில்லை. 1987 ஜூனில் சியாச்சினில், சுமார் 21,000 அடி உயரத்தில், செங்குத்தான பனிச்சுவரில் ஏறி எதிரியின் காவல்நிலையைப் பிடித்த சிறு குழுவின் தலைவர் பாணா சிங் அப்போது நாயிப் சுபேதார். அவர் பின்னால் மற்றவர்களை ஏற வைத்தது தோள் நட்சத்திரம் மட்டும் என்று யார் சொல்வார்கள்? பரம்வீர் சக்கரமும் சுபேதார் மேஜர் பதவியும் பிறகு வந்தவை.

2022 முதல் அக்னிவீரர்களாகச் சேரும் நம் பிள்ளைகளில் நான்காண்டுக்குப் பின் 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடர முடியும். அவர்களை அன்றாடம் பழக்குபவர் ஹவில்தார். நாகை மண்ணிலிருந்து போய் அந்தப் பட்டையை அணிந்திருப்பவர்களே, உங்கள் பதவி உயர்வைக் கணக்கிடும் அதே அக்கறையோடு அந்தப் பிள்ளைகளின் பயிற்சியையும் கவனியுங்கள்.