பார்ப்பது அறிவாகுமா?

உத்தராகண்ட் மாநிலத்தில், ரிஷிகங்கை நதியின் கரையில் ரேணி என்ற மலைக்கிராமம் உள்ளது. 1974 மார்ச் மாதம் அங்குள்ள காட்டை வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவியும் கிராமத்துப் பெண்களும் மரங்களைக் காத்து நின்று அவர்களைத் திருப்பி அனுப்பினர்.

2021 பிப்ரவரி 7 அன்று அதே கிராமத்தின் அருகே பாறையும் சேறும் கலந்த பெருவெள்ளம் பாய்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கைபேசிகளில் பதிவான காட்சிகள் சில மணி நேரத்தில் சமூக ஊடகங்கள் வழியே எங்கும் பரவின. 'பனிப்பாறை வெடித்தது' என்ற விளக்கமும் கூடவே பரவியது.

நான்கு மாதங்களுக்குப் பின் பல நாட்டு விஞ்ஞானிகளின் ஆய்வு வெளிவந்தது. ரோன்டி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்ததே காரணம் என்று அது விளக்கியது. இந்த ஒரு பேரழிவை மட்டும் பருவநிலை மாற்றத்தின் விளைவென்று உறுதியாகக் கூற இயலாது. ஆனால் உயர்ந்த மலைச்சரிவுகள் நிலைகுலைவது பெருகிவருமானால், அதற்கும் புவி வெப்பமடைவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது அவர்களது நிதானமான முடிவு. இதை அறிய அவர்களுக்கு உதவியவற்றுள் அந்தக் கைபேசிக் காட்சிகளும் அடங்கும்!

காட்சி ஒன்றுதான். ஒருவர் அதைக் கண்டு திகைத்தார், பிறருக்கு அனுப்பினார், மறந்தார். மற்றொருவர் அதே காட்சியை நிறுத்தி, ஆராய்ந்து, உண்மையை அடைந்தார். ஆகவே குறை கருவியில் மட்டும் இல்லை. காண்பவரின் மனத்திலும் இருக்கிறது.

கண்ணை நிறுத்துவதையே சமூக ஊடகம் முன்னே கொண்டுவருகிறது. மெல்ல நிகழ்வது அதில் எளிதில் இடம்பெறுவதில்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958-இல் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக அளக்கப்பட்ட கரியமில வாயு, 2024-இல் 420-ஐக் கடந்திருந்தது. இந்த உயர்வை எந்தக் கைபேசியாலும் படம்பிடிக்க முடியாது. பொறுமையோடு கற்பவருக்கே அது புலப்படும்.

இதைவிட நுட்பமான ஆபத்தும் ஒன்று உண்டு. செய்தியைப் பகிர்ந்தவுடன் கடமை முடிந்ததாக மனம் நிறைவடைகிறது. வருந்தியதையே செயலாக எண்ணி, தன் வீட்டில் வீணாகும் மின்சாரத்தையும் உணவையும் அது கவனிப்பதில்லை.

ரேணி கிராமப் பெண்களிடம் கைபேசி இல்லை. காட்டோடு தங்கள் வாழ்வு பிணைந்திருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்ததால் எழுந்து சென்றார்கள். ஒரு செய்தி அறிவாக மாறிவிட்டதா என்பதற்கு அளவுகோல் இதுவே: அதைக் கேட்டபின் ஒருவர் வாழும் முறையில் ஏதேனும் மாறியதா?